புதுப்பிப்பு: பிள்ளை மடுவத்தில் வட்டமாக உட்கார்ந்தோம்

கர்ப்பிணிகள் கிளினிக்குக்குக் காலையிலேயே போய் மதியம் வரை வாங்கில் காத்திருந்தாலும் ரெண்டு நிமிஷம்தான் பேசக் கிடைக்கிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

நாமும் கூட்டமாக உட்கார்ந்து பேசலாமா என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டேவிட்டேன். அமெரிக்காவில் ஷரோன் ரைசிங் என்ற மருத்துவிச்சி 1990களில் தொடங்கிய முறையில், ஏறக்குறைய ஒரே மாதத்தில் பிள்ளை பெறப்போகிற 8 முதல் 12 பேர் வட்டமாக உட்கார்ந்து, நிறையையும் பிரஷரையும் தாங்களே பார்த்து எழுதிக்கொள்வார்கள், மருத்துவிச்சி ஒவ்வொருவராக ஓரத்துக்குக் கூப்பிட்டு வயிற்றைப் பார்ப்பார், மீதி நேரமெல்லாம் பேச்சுதான். மிஸ் சிரித்தார். "கிளினிக்கை விடக் கூடாது, அதுக்கு மேல வேணும்னா உக்காந்து பேசுவோம்" என்றார்.

தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு ஆறு பேர் வந்தோம். மலையிலிருந்து நேரே வந்த அக்காவின் நெற்றியில் கூடைக் கயிற்றின் தடம் அப்படியே இருந்தது. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தரும் திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைப்பதாக அவர் சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், எங்கள் லயத்து வீடுகளிலும் அதே கதைதான். மிஸ் இன்னொன்றும் சொன்னார்: இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராதாம். கொழுந்து பறிக்கிற எங்களிடம் போய்! சரி, நான் இப்போது தோடம்பழ (ஆரஞ்சு) சாறோடு போடுகிறேன்.

அடுத்தது சம்பள வாரம் கழித்து. மாமியார்களையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் மிஸ்.