நன்றாக ஓடும் கேனுலாவை மூன்றாம் நாள் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

புதுச் செவிலி:
மெடிக்கல் வார்டில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. 72 மணி நேரம் ஆனால் கேனுலாவை, அதாவது மருந்து ஏற்றக் கையின் ரத்த நரம்பில் போடும் சிறு குழாயை, மாற்றிவிட வேண்டும் என்பது எங்கள் வார்டு வழக்கம். நேற்று இரவு வயதான அம்மா ஒருவருக்கு, சிவப்போ வீக்கமோ இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லைனை நேரம் ஆகிவிட்டதே என்று எடுத்துவிட்டேன், புதிதாகப் போட நான்கு முறை குத்த வேண்டியதாகிவிட்டது. மூன்றாவது குத்து முடிந்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். மனசே சரியில்லை. அப்படியே விட்டால் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும் என்கிறார்கள். எது சரி?

ஐசியு அக்கா:
சிஸ்டர், இதே கேள்வியை வைத்து ஆஸ்திரேலியாவில் 3283 நோயாளிகளிடம் ஆய்வு செய்து 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மூன்றாம் நாள் தவறாமல் மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் ஃபிளெபைட்டிஸ், அதாவது ரத்த நரம்பு அழற்சி, வந்தது ஒரே அளவுதான், 7 சதவீதம். ஆனால் 'தேவைப்பட்டால்' என்பதை 'யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை' என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. ஒவ்வொரு ஷிஃப்டிலும், ஒவ்வொரு மருந்துக்கு முன்னாலும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நான் செய்வது இதுதான்: கேனுலாவின் முனை இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே என் புறங்கையை வைப்பேன், அப்புறம் நோயாளியின் மற்றக் கையில் அதே இடத்தில் வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால், தொட்டால் வலித்தால், நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தால் ஃபிளெபைட்டிஸ். சில்லென்று, தோல் இறுகி உப்பியிருந்தால் மருந்து வெளியே கசிகிறது. எதுவானாலும் லைன் அதற்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. குத்திய இடம் தெரியாதபடி பிளாஸ்டரை அடுக்கடுக்காக ஒட்டுகிறார்களே, அதை முதலில் நிறுத்துங்கள். ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் எதற்கு இருக்கிறது? அதன் ஓரம் தூக்கியிருந்தாலோ நனைந்திருந்தாலோ உடனே மாற்றுங்கள்.

மயக்க மருத்துவர்:
அக்கா சொன்னது சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 2018இல் 'தேவைப்பட்டால் மாற்றுவது' என்ற முறைக்குப் போனார்கள், ரத்தத் தொற்று கூடியது, அடுத்த ஆண்டே பழைய முறைக்குத் திரும்பினார்கள். அதனால் உங்கள் வார்டு விதியை நீங்களாக மீறாமல் இன்சார்ஜிடம் பேசுங்கள். அவசரத்தில், சுத்தம் பார்க்க நேரமில்லாமல் போட்ட லைன் என்றால் யாரும் விவாதிக்க வேண்டாம், 48 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

பாதிப் பிரச்சினை போடும்போதே தொடங்கிவிடுகிறது. முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் போட்டால் கை மடங்கும் ஒவ்வொரு முறையும் முனை நரம்புச் சுவரை உரசும், முன்கைதான் நல்ல இடம். சாதாரண டிரிப்ஸுக்கு நீல நிறக் கேனுலா, 22 கேஜ் அளவு, போதும். தோலில் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி தடவினால் காயும்வரை காத்திருங்கள், தடவிய இடத்தை மறுபடி விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், எல்லோரும் செய்கிற தப்பு அது. மருந்து ஏற்றுவதற்கு முன் ஹப்பை, அதாவது கேனுலாவின் வெளி வாயை, ஆல்கஹாலால் 15 வினாடி அழுத்தித் தேய்த்துக் காயவிட வேண்டும்.

நோயாளியின் மகள்:
நான் மருத்துவத் துறை இல்லை. அப்பாவுக்குப் பொட்டாசியம் டிரிப்ஸ் ஓடும்போது எரிகிறது எரிகிறது என்றார், அது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கை வீங்கிக் கொப்பளம் வந்துவிட்டது, ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆனது. நோயாளி வலி என்றால் ஒரு தடவை வந்து பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஐசியு அக்கா:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறதம்மா. பொட்டாசியம், கால்சியம், நார்அட்ரினலின் போன்ற மருந்து கசிந்தால் உடனே நிறுத்த வேண்டும், சலைன் தள்ளி ஃபிளஷ் செய்யக் கூடாது. கேனுலாவை அவசரமாகப் பிடுங்காமல், அதன் வழியாக உள்ளே தங்கியதை சிரிஞ்சால் இழுத்துவிட்டு, கையை உயர்த்தி வைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

புதுச் செவிலி:
நன்றி அக்கா, சார். மேடம், நீங்கள் சொன்னதை வார்டில் எல்லோரிடமும் சொல்கிறேன். இன்று பார்த்தபோது இரண்டு பேர் மாத்திரைக்கு மாறி ஒரு நாள் ஆகியும் கேனுலா சும்மா கையில் இருந்தது. டாக்டரிடம் கேட்டு எடுத்துவிட்டேன். அந்த அம்மாவின் புது லைனையும் புறங்கை வைத்துப் பார்த்தேன், இந்தத் தடவை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.