5 விநாடிக்கு மேல் எதுவும் போகாதா? யார் சொன்னது?

கருந்திரை:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: "லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 இருந்தால் கரண்ட் போனாலும் கடைசி 5 விநாடி வேலைதான் போகும். எஃப்சிங்க் எல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு." ஈஎக்ஸ்டி4 என்பது வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை. எஃப்சிங்க் என்பது 'இப்போதே வட்டில் எழுது' என்று நிரல் கேட்கும் கட்டளை. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 5 இல்லை, 30. எழுதியது முதலில் நினைவகத்தில்தான் நிற்கும். லினக்ஸின் மையமான கெர்னலில் டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 3000. நூறில் ஒரு பங்கு விநாடிக் கணக்கு அது, ஆக 30 விநாடி. அதுவரை உங்கள் கோப்பு காற்றில்தான் இருக்கிறது.

மெய்யெழுத்து:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஈஎக்ஸ்டி4 மவுண்ட் (வட்டை இணைக்கும்) கையேட்டைத் திறந்து 'கமிட்' என்ற வரியைப் பாருங்கள். இயல்பு 5 விநாடி, அதற்கு ஒருமுறை வட்டில் பதியும். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன்.

கருந்திரை:
கமிட் ஆவது ஜர்னல், அதாவது மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு. ஜர்னலில் போவது மெட்டாடேட்டா, அதாவது கோப்பின் பெயர், தேதி போன்ற விவரம்தான், உள்ளடக்கம் அல்ல. ஈஎக்ஸ்டி4 வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போடும், அதனால் 5 விநாடிக் கமிட் உங்கள் தரவை இழுத்துக்கொண்டு போகாது. பழைய ஈஎக்ஸ்டி3 இழுத்துக்கொண்டு போனது, எல்லோருக்கும் அந்தப் பழக்கம் மண்டையில் நின்றுவிட்டது. 2009-இல் உபுண்டு 9.04 சோதனைப் பதிப்பை ஓட்டியவர்களுக்கு என்ன நடந்தது? கணினி முடங்கி மீண்டும் எழுந்தால் அமைப்புக் கோப்புகள் காலி. எனக்கும் நடந்தது. முந்தைய வேலையில் இரவில் சர்வர் விழுந்தது. எழுந்ததும் பட்டியல் போட்டுப் பார்த்தேன். கோப்பின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவு 0. அந்தப் பூஜ்யத்தை இன்னும் மறக்கவில்லை. 30.

சுழல்வட்டு:
இருவரும் நேரத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். தள்ளிப்போடாமல் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? நிமிடத்துக்கு 7200 சுற்று வட்டு விநாடிக்கு 120 முறைதான் சுற்றும், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் போட்டால் விநாடிக்கு நூறு சொச்சம் முறை எழுதுவதோடு நின்றுவிடும். 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 எஃப்சிங்க் போட்டே ஈஎக்ஸ்டி3 கணினிகளைத் திணறடித்தது. பாதுகாப்பு என்று முழங்குபவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

கருந்திரை:
ஈஎக்ஸ்டி3-இல் ஒரு கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டால் மற்ற கோப்புகளையும் சேர்த்து எழுதியது, அதுதான் திணறல். எங்கே தேவையோ அங்கே மட்டும் போடு என்கிறேன். தம்பி, முதலில் படித்துவிட்டு எழுதுங்கள்.

சுழல்வட்டு:
தம்பியா? நான் டேட்டாபேஸ் பார்க்க ஆரம்பித்து 18 வருடம் ஆகிறது. போன மாதம் ரெய்டு (பல வட்டுகளைச் சேர்த்து இயக்குவது) இழையிலும் இப்படித்தான் ஆரம்பித்தீர்கள். கேஷ் பேட்டரி பற்றி நான் சொன்னது சரி என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

கருந்திரை:
ரெய்டு இழையை இங்கே இழுக்க வேண்டாம். அதிலும் நான் சொன்னதுதான் சரி.

நள்ளிரவுக்காவல்:
எஃப்சிங்க் போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவினர் கண்டது: எழுதும்போது வட்டில் பிழை வந்தால் எஃப்சிங்க் ஒருமுறை பிழை சொல்லும். கெர்னலோ நினைவகத்தில் அந்தத் தரவு இருக்கும் பக்கத்தை (துண்டை) 'சுத்தம்', அதாவது வட்டில் எழுதியாயிற்று என்று குறித்துவிடும். மறுபடி கூப்பிட்டால் வெற்றி என்று பதில் வரும், தரவோ வட்டில் இருக்காது. அதனால்தான் எஃப்சிங்க் தோற்றால் சர்வரையே நிறுத்தி, டேட்டாபேஸ் தனியாக எழுதிவைக்கும் மாற்றப் பதிவிலிருந்து மீட்கும்படி மாற்றினார்கள். மேக்ஓஎஸில் வெறும் எஃப்சிங்க் வட்டின் உள் கேஷை (தரவு தற்காலிகமாய் நிற்கும் இடம்) காலி செய்யாது, அதற்கு எஃப்_ஃபுல்எஃப்சிங்க் தனியாக வேண்டும்.

மெய்யெழுத்து:
பாருங்கள், எஃப்சிங்க்கையே நம்ப முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். நான் சொன்ன 5 விநாடி அப்படியே நிற்கிறது.

கருந்திரை:
அவர் சொன்னது வட்டு பழுதானால் என்ன ஆகும் என்பது. நாம் பேசுவது கரண்ட் போவது. 30 விநாடி ஆன பக்கங்களைத் தேடும் கெர்னல் வேலைக்காரன் 5 விநாடிக்கு ஒருமுறை எழுகிறான், உங்கள் 5 அங்கேயும் இருக்கிறது. ஆக மோசமான நேரத்தில் 35 கூட ஆகலாம். நம்பாவிட்டால் பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்துக்கொண்டே மெம்இன்ஃபோவில் (நினைவக நிலவரம் காட்டும் கோப்பு) 'டர்ட்டி' வரியைப் பாருங்கள், அது இன்னும் வட்டுக்குப் போகாத தரவின் அளவு. பிரதி முடிந்தது என்று திரையில் வந்த பிறகும் அந்த எண் உடனே இறங்காது. அது இறங்குவதற்குள் வயரைப் பிடுங்கினால் எது மிஞ்சும்?

மெய்யெழுத்து:
சரி, இப்போதே மெய்நிகர் கணினியில் செய்து பார்த்தேன். கோப்பைத் திருத்திச் சேமித்து, 10 விநாடி கழித்து பவரை வெட்டினேன். எழுந்ததும் கோப்பு முழுதாக இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கருந்திரை:
உங்கள் எடிட்டர் தற்காலிகக் கோப்பில் எழுதி, பழைய கோப்பின் மேல் பெயர் மாற்றியிருக்கும். எஃப்சிங்க்கும் போட்டிருக்கலாம். போடாவிட்டாலும், 2009-இல் அத்தனை பேர் கத்திய பிறகு கெர்னல் 2.6.30-இல் அதற்கென்றே ஒட்டுப் போட்டார்கள், அந்த ஒரு வகையில் அடுத்த கமிட்டோடு தரவும் போகும். எக்கோ கட்டளையால் புதுப் பெயரில் ஒரு கோப்பை எழுதி, அதே 10 விநாடியில் வெட்டுங்கள். அளவைப் பாருங்கள்.

மெய்யெழுத்து:
பழைய கோப்பைத் திருத்துபவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு 5. நீங்களே 'அடுத்த கமிட்' என்று எழுதிவிட்டீர்கள்.

கருந்திரை:
லாக் எழுதும் நிரல் எடிட்டர் மாதிரியா சேமிக்கிறது? என் சர்வரில் பூஜ்யமாய்க் கிடந்ததும் புதிதாய் உருவான கோப்புதான். 30.

சுழல்வட்டு:
தம்பி என்று சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.