காலேஜ் ஸ்போர்ட்ஸ் இருந்தா அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்ல இடம் சுலபமா? நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

கட்டம்_நிரப்பி:
ரோயிங் டீம் பொண்ணு ஒருத்தியோட ஆம்காஸ் (மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பம்) டிராஃப்ட் இன்னும் கண்ணுலயே நிக்குது. அத்லெடிக்ஸ் என்ட்ரியில மொத்தம் 4160 மணி நேரம்! வாரம் 20, வருஷம் 52 வாரம், நாலு வருஷம். பெருக்கல் சரி, போட்டதுதான் தப்பு. காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்தற என்சிஏஏவோட மேல்மட்டமான டிவிஷன் 1-ல, வாரம் 20 மணிங்கிறது சீசனுக்கு உச்சவரம்பு. சீசன் இல்லாதப்போ வாரம் 8. 22 வாரம் சீசன், 10 வாரம் மத்ததுன்னு வெச்சா வருஷத்துக்கு 520, நாலு வருஷத்துக்கு 2080. காலேஜ்ல விளையாடின டாக்டர் யாராவது இன்டர்வியூல உட்கார்ந்தா உடனே பிடிச்சிடுவார்.

பஸ்_ஜன்னல்:
@கட்டம்_நிரப்பி பாதியா வெட்டினதும் தப்புதான். அந்த 20-ல பயணம் சேராது, பிசியோ சேராது. போட்டி நாள் முழுக்கப் போனாலும் 3 மணின்னுதான் கணக்கு. ஆம்காஸ் கேக்கறது நிஜமா செலவான நேரத்தை. விசாரிக்கறதுக்கு காண்டாக்ட்னு என்ட்ரியில கோச் பேர் போகுதில்ல, அவர் ஆமான்னு சொல்ற எண்ணாப் போட்டா போதும்.

வெள்ளைக்கோட்டு:
சாக்கர் பொண்ணு. எஸ்ஸே முழுக்க முட்டி லிகமென்ட் (ஏசிஎல்) கிழிஞ்சது, ஆபரேஷன், திரும்ப கிரவுண்டு. மாக் (ஒத்திகை) இன்டர்வியூல ஒரே கேள்வி: "உன் முட்டியைத் தவிர வேற பேஷன்ட் யாரைப் பார்த்திருக்கே?" கப்சிப்.

லேப்_மதியம்:
எல்லாரும் மணிக்கணக்கிலயே நிக்கறீங்க. மெடிக்கல் ஸ்கூலுக்கு கோச் ரெக்ரூட் பண்றதெல்லாம் கிடையாது. முதல்ல ஜிபிஏ (காலேஜ் மார்க் சராசரி), அதுலயும் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் தனியா, அப்புறம் எம்கேட் நுழைவுத் தேர்வு. ஃபுட்பால் ஆடி அப்புறம் டாக்டரான மைரன் ரோலை உதாரணம் காட்டாதீங்க, அவர் காலேஜ்ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிக்கிட்டே 2008-ல ரோட்ஸ் ஸ்காலர் (ஆக்ஸ்ஃபோர்டுல படிக்கத் தர்ற பெரிய ஸ்காலர்ஷிப்) ஆனவர், படிப்புலயே விதிவிலக்கு.

யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் பெரும்பாலும் மதியம், பிராக்டிஸும் மதியம். சீசன் இல்லாத செமஸ்டருக்கு லேபைத் தள்ளுங்க. கோடையில கம்யூனிட்டி காலேஜ்ல முடிக்கிறதா இருந்தா, விண்ணப்பிக்கப்போற ஸ்கூல் அதை ஏத்துக்குமான்னு முன்னாடியே பாருங்க. நீச்சல்காரங்களுக்கு சீசன் மார்ச்சோட முடியும், எம்கேட்டை மே மாசம் வெச்சுக்கலாம். டிராக், சாஃப்ட்பால் ஆடறவங்களுக்கு மே வரை மூச்சு விட நேரம் இருக்காது. ஜனவரியிலயே எழுதிடணும், இல்லேன்னா ஒரு வருஷம் கேப் விட்டுத்தான் விண்ணப்பிக்கணும். கேப் எடுத்தா குறைச்சல் ஒண்ணுமில்ல. கிளினிக்கல் அனுபவம் சேர்க்க அத்லெட்டுக்கு நேரம் கிடைக்கிறதே அப்போதான்.

ஆம்காஸ்ல ஒரு என்ட்ரிக்கு 700 எழுத்துதான் இடம், ஸ்பேஸும் சேர்த்து. அதுல மெடல் பட்டியல் போடாதீங்க. புதுசா வந்த ஜூனியருக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க, பெஞ்சுல உட்கார வெச்சப்போ என்ன செஞ்சாங்கன்னு எழுதச் சொல்லுங்க. "மோஸ்ட் மீனிங்ஃபுல்"னு மூணு குறிக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் கூடுதலா 1325 எழுத்து. மூணையும் ஸ்போர்ட்ஸுக்கே கொடுத்து வீணாக்கின பையனையும் பார்த்தாச்சு.

கட்டம்_நிரப்பி:
@பஸ்_ஜன்னல் பயண நேரம் சேர்க்கலாம்னா, பஸ்ல தூங்கினதையும் சேர்த்தா?