த்ராட்டில் சென்சாரா, ஒயரா? வழி சொல்லுங்கள்

நண்பர்களே, என் பழைய பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டர் கேபிள் கிடையாது. எல்லாம் ஒயர் வழிதான்; என்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் வால்வும் அப்படித்தான் திறக்கிறது. மேம்பாலம் ஏறும்போதோ, மழை விட்ட மறுநாளோ திடீரென்று இழுவை போய்விடுகிறது, என்ஜின் விளக்கு எரிகிறது. ஓரங்கட்டிச் சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்பில், கேட்கவே வேண்டாம், சமர்த்தாக நிற்கிறது.

ஸ்கேனரில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடு பி2135 (P2135). த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரின் இரண்டு வோல்ட்டேஜ் அளவுகளும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இந்த வண்டியில் ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். கூட்டினால் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். நிறுத்தி வைத்து மிதித்தால் அப்படியே வருகிறது. சப்ளை, எர்த் இரண்டும் சரி. ஆனால் கனெக்டருக்குச் சற்றுப் பின்னால், ஒயர்க் கட்டு வளையும் இடத்தை அசைத்தபோது இரண்டாவது அளவு ஒரு கணம் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது. மறுபடி அசைத்தால் விழ மறுக்கிறது!

மெக்கானிக், வால்வும் சென்சாரும் சேர்ந்த த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்கிறார். எனக்கோ கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்னின் (pin) தளர்வின்மீதோ, உறைக்குள் அறுந்த ஒயரின்மீதோதான் சந்தேகம். மல்டிமீட்டர் இந்தக் கணநேர வீழ்ச்சியைக் காட்டுவதில்லை. வோல்ட்டேஜ் மாறுவதைக் கணத்துக்குக் கணம் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை இணைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? கனெக்டர் பின்னின் பிடிமானத்தை எப்படிச் சோதிப்பது?