புதுப்பிப்பு: ஐஎஸ்டி1820 லூப்பர், பட்டன் அழுத்தாமலே சுற்றுகிறது

செங்கோட்டையிலிருந்து மறுபடி நான்தான். உடுக்கைத் தாளத்தைப் பதிந்து, பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாமல் ஐஎஸ்டி1820 என்ற ஒலிப்பதிவு சிப்பில் லூப்பராக, அதாவது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, ஓடவிட வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

குறித்த இடைவெளியில் துடிப்பு தரும் 555 டைமர் சிப் ஒத்துவரவில்லை. பதிவின் நீளம் மாறினால் அதையும் திருகணும். கைகொடுத்தது புனலூர் அண்ணன் சொன்னது: பதிவு நடப்பதைக் காட்டும் ரெக்எல்இடி பின்னை, ஒலிக்கத் தொடங்கவைக்கும் ப்ளேஈ பின்னோடு சேர்ப்பது. ஒலி முடிந்ததும் ரெக்எல்இடியின் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து எழும். அந்த எழுச்சியே ப்ளேஈயை மறுபடி கிளப்பிவிடும்.

எதிர்பாராத ஒன்று: ரெக்கார்ட் பட்டனை விட்டதுமே தானாக ஒலிக்க ஆரம்பிக்கிறது. பதியும்போது தாழ்ந்திருக்கும் அதே பின், பதிவு முடிந்தாலும் எழுகிறதே! விலைகொடுத்து வாங்கும் லூப்பர் பெடலில் இருக்கும் வசதி, கேட்காமலே கிடைத்துவிட்டது.

பதிவு நீளத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டருக்கு, 20 விநாடிக்கு ஆசைப்பட்டு 200 கிலோ ஓம் போடாதீர்கள். சாம்பிளிங் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது) 3.2 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, உடுக்கை போர்வைக்குள் தட்டியதுபோல் ஆகிறது. 100 கிலோ ஓமில் 10 விநாடி, 6.4 கிலோஹெர்ட்ஸ், எனக்கு அது போதும். பதிந்தபின் ரெசிஸ்டரை மாற்றினால் வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறும்.

சுற்று முடியும் இடத்தில் ஒரு சின்ன 'டிக்' இன்னும் இருக்கிறது. முதல் அடி அங்கே விழும்படி பதிந்தால் காதில் படாது.