புரொஜெக்ஷனுக்கு "தற்குறையேற்றம்" சரி வருமா? உளவியல் கலைச்சொல் விவாதம்

எல்லாருக்கும் வணக்கம்.

உளவியல் இங்கிலீஷ் சொல்லுங்களுக்கு தமிழ்ச் சொல் போடற நம்ம பட்டியல்ல மத்த சொல்லெல்லாம் ஓடிடுச்சு, புரொஜெக்ஷன் கிட்ட வந்து எல்லாரும் நின்னுட்டோம். கொருக்குப்பேட்டை டீச்சர் "புறத்தெறிதல்" போட்டிருக்காங்க, ராயபுரம் அண்ணன் "எறியம்" போதும்னு எழுதியிருக்கார், இன்னொருத்தர் கணக்குப் புத்தகத்துல இருக்குற "வீழல்" எதுக்கு இருக்குன்னு கேட்டிருந்தார். எனக்கு மூணுமே ஒத்து வரல. ஏன்னு கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க, ஏன்னா இந்தச் சொல்லு பரீட்சைக்கு மட்டும் தேவைப்படுற சொல்லு இல்ல, அரசியல் சதிக்கதைங்க ஏன் சனங்கள இப்டி புடிச்சு இழுக்குதுன்னு பேச உக்காந்தாலே முதல்ல வாயில வரவேண்டிய சொல்லு இதுதான்.

விஷயம் என்னன்னா, மனசுக்குள்ள ஒரு ஆசையோ ஆத்திரமோ கெட்ட எண்ணமோ இருக்கு, அது என்னோடதுதான்னு ஒத்துக்க கூசுது, அதனால மனசே அத எடுத்து அடுத்தவன் மேல வச்சுப் பாக்குது. "எனக்கு அவனப் புடிக்கல"ங்கறது "அவனுக்கு என்னப் புடிக்கல"ன்னு திரும்பிடுது. மனப்பகுப்பாய்வ ஆரம்பிச்சு வச்ச பிராய்டு 1895லயே தன் சிநேகிதர் ஃபிளீஸுக்கு அனுப்புன ஒரு குறிப்புல சந்தேக நோயப் பத்திப் பேசும்போது இதச் சொல்லிட்டார். அவர் மக அன்னா பிராய்டு 1936ல மனசோட தற்காப்பு வழிங்கள வரிசைப்படுத்துனப்போ இதயும் அதுல சேத்தாங்க. இதுல கவனிக்க வேண்டியது, ஆள் தெரிஞ்சு பண்றதில்ல. தெரிஞ்சு பண்ணா அது பொய், பழி போடறது. இது அவனுக்கே தெரியாம நடக்குது, அவன் சத்தியம் பண்ணுவான், அழுவான் கூட.

அதனாலதான் "எறி" வேணாங்கறேன். எறிஞ்சா கைய விட்டுப் போயிடும். இங்க எதுவும் போகல, உள்ள இருந்துக்கிட்டே எதிர்ல இருக்குறவன் மேல தெரியுது. "வீழல்" ஜியோமெட்ரிக்கு அழகா பொருந்துது, அங்கயே இருக்கட்டும், படம் காட்டுற மெஷினுக்கும் மேப் வரையறதுக்கும் பொதுவா ஒரே இங்கிலீஷ் சொல்லு இருக்குங்கறதுக்காக நாமளும் ஒரே சொல்லுல எல்லாத்தயும் கட்டணும்னு எந்த அவசியமும் இல்ல.

இப்ப ஒரு உதாரணம். எங்க பக்கம், வியாசர்பாடில, ஒரு கேரம் கிளப்புல செயலாளர் தேர்தல் நடந்துச்சு. அப்போ செயலாளரா இருந்தவர் சந்தாவே கட்டாத பசங்க பேரெல்லாம் நோட்டுல பழைய தேதி போட்டு உறுப்பினரா சேத்துட்டார், அவர் கையெழுத்துதான், ஒரே பேனா, ஒரே மை, பாத்தாலே தெரியும். ஆனாலும் தோத்துட்டார். தோத்த அடுத்த நிமிஷம் "பெட்டிய மாத்திட்டானுங்க"ன்னு ஆரம்பிச்சார். பெட்டின்னா ஒரு பிஸ்கட் டின்னு, ஓட்டு போட ஆரம்பிச்சதுல இருந்து எண்ணி முடிக்கற வரைக்கும் லைட்டுக்கு கீழ போர்டு மேலயே இருந்துச்சு, அடியில போரிக் பவுடர் ஒட்டிக்கிட்டு. அத சொன்னா கேக்கல. கடைசியா ஒரு வார்த்த சொன்னார், அது இன்னும் என் மனச விட்டுப் போகல: "இன்னாபா பேசற, நானே இவ்ளோ வேல பாத்துக்கிறேன், அவன் சும்மா குந்திக்கினு இருந்திருப்பானா?"

இந்த ஒரு வரியதான் 2011ல இங்கிலாந்துல இருக்குற கென்ட் பல்கலைக்கழகத்துல கேரன் டக்ளஸ், ராபி சட்டன்னு ரெண்டு உளவியலாளர்ங்க ஆராய்ச்சியா பண்ணாங்க. அந்த எடத்துல நான் இருந்தா நானும் சதி பண்ணியிருப்பேன்னு சொல்றவங்க, பெரிய பெரிய சதிக்கதைங்கள அதிகமா நம்புறாங்கன்னு பாத்தாங்க. இன்னொரு சோதனையில ஆளுங்கள தாங்க பண்ண நல்ல காரியத்த முதல்ல நெனச்சுப் பாக்க வச்சாங்க, அப்புறம் கேட்டா சதிக்கதை மேல நம்பிக்கை கொறஞ்சிருந்துச்சு. நம்ம பாட்டிங்க "தான் கள்ளன் பிறரை நம்பான்"னு சொன்னது இதத்தான்.

ஆனா இங்க ரெண்டு சரக்கு கலந்து கெடக்கு, பட்டியல் போடறவங்க பிரிச்சே ஆகணும். செயலாளர் விஷயத்துல அவருக்கு தன் தில்லுமுல்லு தெரியும், அத அளவுகோலா வச்சு அடுத்தவன அளக்கறார். பிராய்டு சொன்னதுல ஆளுக்குத் தன் எண்ணம் தன்னோடதுன்னே தெரியாது. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்.

சதிக்கதை ஏன் இனிக்குதுன்னு கேட்டா, நான் சொல்ற பதில் இதுதான்: அது அழுக்க எடுத்து அடுத்தவன் மேல வைக்குது, வச்சுட்டு உனக்கு ஒரு அனுமதியும் குடுக்குது. அவன் எல்லாத்துக்கும் துணிஞ்சவன்னு முடிவாயிட்டா அப்புறம் நீ என்ன பண்ணாலும் அது தற்காப்பு. 1971 ஜூலையில அமெரிக்க அதிபர் நிக்சன் தன் ஆளுங்க கிட்ட பேசுனது டேப்ல இருக்கு. நம்ம எதிர்ல இருக்கறது ஒரு எதிரி, ஒரு சதி, அவங்க எந்த வழியையும் கையில எடுக்கறாங்க, நாமளும் எந்த வழியையும் எடுப்போம்ங்கற மாதிரி பேசறார். வியட்நாம் போர் ரகசிய ஆவணங்கள எல்ஸ்பெர்க்னு ஒருத்தர் பத்திரிகைக்குக் குடுத்த சமயம் அது. செப்டம்பர்ல அவர் ஆளுங்க எல்ஸ்பெர்க்கோட மனநல டாக்டர் ஆபீஸ உடைச்சு உள்ள போனாங்க. 1972 ஜூன்ல வாட்டர்கேட் கட்டடத்துல எதிர்க்கட்சி ஆபீஸ்ல புகுந்து மாட்டுனாங்க. 1974 ஆகஸ்ட்ல நிக்சன் பதவிய விட்டார். சதி நடக்குது நடக்குதுன்னு சொன்ன எடத்துலதான் சதி நடந்துச்சு.

ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர்னு ஒரு வரலாற்று ஆசிரியர் 1964 நவம்பர்ல ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில எழுதுன கட்டுரையில இத முன்னாடியே புடிச்சிருந்தார், சதிக்கதை நம்புறவங்க வரையுற எதிரி பல விதத்துல இவங்களோட புரொஜெக்ஷன்தான்னு. கு கிளக்ஸ் கிளான்ங்கற அமெரிக்க வெள்ளை இனவெறிக் கும்பல் கத்தோலிக்கர கரிச்சுக் கொட்டுச்சு, ஆனா பாதிரியார் அங்கி மாதிரியே உடுப்பு, அதே மாதிரி சடங்கு. ஜான் பிர்ச் சொசைட்டிங்கற அமெரிக்க வலதுசாரி அமைப்பு கம்யூனிஸ்ட்ட எதிர்க்கறேன்னு கம்யூனிஸ்ட் மாதிரியே ரகசியக் கிளை வச்சுது. இதுக்கு மேல உதாரணம் அடுக்கல.

இப்ப சொல்லு. நம்ம கிட்ட "தற்குறிப்பேற்றம்" இருக்கு. பத்தாவது படிச்ச எல்லாருக்கும் தெரியும், சிலப்பதிகாரத்துல மதுரை மதில் கொடி காத்துல ஆடுது, இயல்பா ஆடுற கொடிதான், ஆனா கோவலன் கண்ணகிய வராதீங்கன்னு கை காட்டி மறிக்கற மாதிரி ஆடுதுன்னு இளங்கோ தன் குறிப்ப அது மேல ஏத்திச் சொல்றார். தன்னோடத அடுத்தது மேல ஏத்தறதுக்கு நம்ம இலக்கணத்துல இத்தன நூறு வருஷமா ஒரு அமைப்பு இருக்கு. கவிஞர் தெரிஞ்சு அழகுக்காக ஏத்தறார், இங்க மனசு தெரியாம பயத்துல ஏத்துது, அதனால அதே சொல்ல எடுக்க முடியாது, அமைப்ப மட்டும் எடுத்துக்கலாம். தன் + குறை + ஏற்றம், தற்குறையேற்றம். தற்கொலை, தற்காப்பு மாதிரி "தற்"ங்கற புணர்ச்சி காதுக்கு பழக்கமானது. "ஏத்து"ங்கறது தெருவுல இருக்குற வினை, "உன் தப்ப என் மேல ஏத்தாத"ன்னு சண்டையில தெனமும் கேக்கறோம்.

டீச்சர் என்ன சொல்றீங்க?

---

கொருக்குப்பேட்டை டீச்சர் எழுதுனது:

தம்பி, தற்குறிப்பேற்றத்த புடிச்சது ரொம்ப நல்லாருக்கு, எனக்கு மனசு நெறஞ்சுது. "புறத்தெறிதல்" நான் பி.எட். பசங்களுக்கு நடத்தி நடத்தி பழகுனது, அதனால போட்டேன், விட்டுடறதுக்கு எனக்கு வருத்தமில்ல. ஆனா ரெண்டு கேள்வி. "தற்குறை"ன்னு சொல்லும்போது பசங்க காதுல "தற்குறி" விழும், அது வசவு, கிளாஸ்ல சொன்னா சிரிப்பாங்க. இன்னொண்ணு, ஏத்தறது எப்பவும் குறைதானா? நம்ம செயலாளர் ஏத்துனது குறையே இல்ல, ஒரு கணக்கு, "நான் பண்ணேன் அதனால அவனும் பண்ணியிருப்பான்". அதுக்கு "தன்னெண்ண ஏற்றம்"னு வச்சா என்ன? குறள்ல கூட ஏதிலார் குற்றம் போல தங்குற்றம் பாக்கணும்னு சொல்றப்போ பார்வை எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் விஷயம், அந்தத் திசை ரெண்டு சொல்லுலயும் வருது, அது வரைக்கும் சந்தோஷம்.

---

ராயபுரம் அண்ணன் எழுதுனது:

சொல்லு எதுவா வேணா இருக்கட்டும்பா, எனக்கு வேற ஒரு கவலை. இத கண்டுபுடிச்சு ஊருக்குள்ள வுட்டா நாளைக்கு எவன் சந்தேகப்பட்டாலும் "ஒனக்கு தற்குறையேற்றம்"னு வாய மூட வப்பானுங்க. எண்ணூர் பக்கம் கொசஸ்தலை ஆத்துல அனல்மின் நிலைய சாம்பல் வருதுன்னு மீன் புடிக்கற சனங்க எத்தினி வருஷமா கத்துது. 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்துல வல, போட்டு, எறா எல்லாம் கறுப்பா ஆச்சு. அதே மாசம் 26ந் தேதி ராத்திரி கடலுக்கடியில போற பைப்புல அம்மோனியா கசிஞ்சு பெரியகுப்பம் சனங்க கொழந்தைய தூக்கிக்கினு மூச்சு முட்டிக்கினு ரோட்டுக்கு ஓடியாந்தாங்க. அவங்க அதுக்கு முன்ன "இந்த கம்பெனிங்க எதயோ மறைக்குது"ன்னு சொல்லிருந்தா அது மனசு ஏத்துனதா? இல்லபா, மூக்கு சொன்னது. அமெரிக்காவுல டஸ்கீகில 1932ல இருந்து 1972 வரைக்கும் கறுப்பு ஆம்பளைங்களுக்கு மேகப்புண் இருக்குறத சொல்லாம, மருந்தும் குடுக்காம, என்ன ஆகுதுன்னு கவர்மென்ட்டே பாத்துக்கினு இருந்துச்சே, அத சந்தேகப்பட்டவன் நோயாளியா?

---

அண்ணா, நீங்க சொன்னத படிச்சுட்டு ரெண்டு நாள் பதில் போடல, யோசிச்சுக்கிட்டு இருந்தேன். இந்தக் கேள்விக்கு பதில் இல்லாம சொல்ல வெளிய விடக்கூடாதுங்கறதுல நான் உங்க பக்கம்.

எண்ணூர் சனங்க சொன்னது எங்க இருந்து கெளம்புது? வலையில ஒட்டுன எண்ணெய்ல இருந்து, கண் எரிச்சல்ல இருந்து. தண்ணிய எடுத்து சோதன பண்ணலாம், பைப்ப பாக்கலாம், தப்புன்னு தெரிஞ்சா அவங்களே நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க, அவங்களுக்கு வேண்டியது ஆறு சுத்தமாகறதுதான். சதிக்கதை கெளம்புற எடம் வேற, எதிரி எப்டிப்பட்டவன்ங்கற முடிவுல இருந்து கெளம்பி அப்புறமா சாட்சி தேடுது. கென்ட்லயே 2012ல வந்த இன்னொரு ஆராய்ச்சில, இளவரசி டயானா செத்தா மாதிரி நடிச்சு தப்பிச்சுட்டாங்கன்னு எவ்வளவுக்கு நம்புனாங்களோ அவ்வளவுக்கு அவங்கள கொன்னுட்டாங்கங்கறதயும் நம்புனாங்க. உயிரோட இருக்குறவங்கள எப்டி கொல்ல முடியும்? ஆனா ரெண்டுக்கும் அடியில "மேல இருக்குறவன் எதயோ மறைக்கறான்"ங்கற ஒரே நம்பிக்கை இருந்ததால ரெண்டும் ஒண்ணா உள்ள உக்காந்துச்சு.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு, இது எனக்கு முக்கியமா படுது. தற்குறையேற்றத்துல பழி சொல்றவன் கையில அதே வேலைய பண்ற சக்தி இருக்கணும், இல்ல அந்த ஆசையாவது இருக்கணும். பெரியகுப்பத்துல வலை பின்றவங்களுக்கு யார் வீட்டுக்கு பக்கத்துல அம்மோனியா குழாய் போடணும்னு என்ன ஆசை இருக்கப்போகுது? ஏத்தறதுக்கு உள்ள சரக்கே இல்ல. அதனால இந்தச் சொல்ல ஒருத்தர் மேல பிரயோகம் பண்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட என்ன இருந்துச்சு, என்ன பண்ணார்னு காட்டணும், செயலாளர் நோட்டு மாதிரி, நிக்சன் டேப் மாதிரி. அப்டி காட்ட முடியலன்னா சொல்லக் கூடாது. இத பட்டியல் குறிப்புலயே எழுதிடணும்.

அதே காரணத்துக்காக சொல்லு செயலுக்கு மட்டும் இருக்கட்டும், ஆளுக்கு வேணாம். "தற்குறையேற்றி", "ஏற்றாளன்"னு யாரும் ஆள்பேர் பண்ணாதீங்க, பண்ணா அண்ணன் பயந்தது ஒரே வாரத்துல நடந்துடும்.

டீச்சர், உங்க "தன்னெண்ண ஏற்றம்" எனக்கு முழுசா சம்மதம், தனிச் சொல்லாவே போடலாம், ரெண்டு சரக்கும் பிரிஞ்சு நிக்கும். "தற்குறி" மாதிரி கேக்குதுங்கறது நிஜம்தான், ஆனா "தன்குறையேற்றம்"னு புணர்ச்சி இல்லாம எழுதுனா பசங்க சிரிக்க மாட்டாங்க, பேசறப்பவும் "தன் குறை"னு தனியா காதுல விழும், விழுந்தா அர்த்தம் தானா வரும். இலக்கணம் பாக்குறவங்க கோவிச்சுக்குவாங்கன்னா "தற்குறையேற்றம்"ங்கறத மாற்று வடிவமா பக்கத்துல குடுத்துடலாம். கான்ஸ்பிரசி தியரிக்கு "சதிக்கோட்பாடு" வேணாம், சோதிச்சுப் பாத்து தப்புன்னா விட்டுடறதுதான் கோட்பாடு, இதுக்கு "சதிக்கதை" போதும்.

பதிவு இப்டி போடறேன், திருத்தம் இருந்தா சொல்லுங்க:

தன்குறையேற்றம்: ஏற்றுக்கொள்ள மனம் கூசும் தன் எண்ணத்தையோ ஆசையையோ, தன்னுடையது என்று அறியாமலே பிறர் மேல் வைத்துக் காணுதல். செயலுக்கு மட்டும் வழங்குக. சான்றோடு எழும் ஐயத்திற்கு வழங்கற்க. பயன்பாடு: "கூட்டாளியை ஏமாற்ற வேண்டும் என்று தன் மனதில் ஓடியதை அவர் உணரவே இல்லை, கூட்டாளிதான் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார் என்று அழுதது தன்குறையேற்றம்."

தன்னெண்ண ஏற்றம்: நான் செய்திருப்பேன், எனவே அவரும் செய்திருப்பார் என்று தன்னை அளவாக வைத்துப் பிறரைக் கணித்தல். பயன்பாடு: "போலி உறுப்பினர்களைச் சேர்த்தவர், எதிரணி பெட்டியை மாற்றியது என்று நம்பியது தன்னெண்ண ஏற்றம்."

ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் பாக்கறேன், யாரும் மறுப்பு சொல்லலன்னா பட்டியல்ல ஏத்திடறேன். "எறியம்"ங்கறத ராக்கெட், குண்டுக்கு மட்டும் வச்சுக்கலாம்னு பௌதிகப் பட்டியல் பாக்குறவங்களுக்கும் தனியா எழுதிடறேன் அண்ணா.