'சிம்ப்சன்ஸ்: ஹிட் அண்ட் ரன்' ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏற்றதா?

தூறல்:
என் தம்பி தன் பழைய ப்ளேஸ்டேஷன் 2 கருவியைத் தூசி தட்டி, 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரை வைத்து 2003-இல் வெளிவந்த இந்த வீடியோ ஆட்டத்தோடு என் மகனிடம் கொடுத்துவிட்டான். உறையில் இருந்த மஞ்சள் முகங்களைப் பார்த்து, கார்ட்டூன்தானே என்று நானும் விட்டுவிட்டேன். நேற்று எட்டிப் பார்த்தபோது, தொடரின் அப்பா பாத்திரமான ஹோமரின் காரை நடைபாதையில் ஏற்றி, எதிரே வருபவர்களை ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் உறையின் மூலையில் இருந்த, வயது வரம்பைக் காட்டும் 'டி' முத்திரை என் கண்ணில் பட்டது. தொடர்ந்து விளையாட விடலாமா?

பழைய ஆட்டக்காரன்:
விடலாம் என்பதே என் கருத்து. அடிபடுபவர்கள் எழுந்து நடந்துவிடுகிறார்கள். துப்பாக்கியும் இல்லை, இரத்தமும் இல்லை. பொருள்களை உடைத்தாலும் ஆட்களை இடித்தாலும் திரையில் ஒரு வட்டமானி நிரம்பும், நிரம்பியதும் காவல்துறை துரத்தும், பிடிபட்டால் 50 நாணயங்கள் அபராதம். தப்புக்குத் தண்டனை உண்டு என்பது ஆட்டத்திலேயே இருக்கிறது. தொடக்கத்தில் வரும் ஒரு பணியே, ஹோமரின் மகள் லிசா மறந்துவிட்டுப் போன அறிவியல் செயல்திட்டத்தைப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

மேசைவிளக்கு:
அந்த அபராதத்தைத் தண்டனை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வழியில் கிடக்கும் பெட்டிகளை உடைத்தாலே நாணயம் கொட்டுகிற ஊரில் 50 நாணயம் என்பது பிள்ளைகளுக்குச் சுங்கக் கட்டணம் மாதிரி. கட்டிவிட்டு மறுபடியும் இடிக்கலாம். மேலும், இந்த ஆட்டத்தின் முன்மாதிரி, கார்களைத் திருடி ஊரெங்கும் குற்றம் செய்துகொண்டு திரியும் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' என்ற ஆட்டம்தான் என்பது விளையாடிய எவருக்கும் தெரியும். அந்த வகைமையைக் கேலி செய்வதுதான் இதன் நகைச்சுவை, ஆனால் மூல ஆட்டத்தை அறியாத ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கேலி போய்ச் சேராது, இடிப்பது மட்டுமே போய்ச் சேரும். சிம்ப்சன்ஸ் தொடரே 1989 முதல் பெரியவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்படுவது. கார்ட்டூன் என்பதாலேயே அது குழந்தைகளுக்கானது என்று நினைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம் (என் வீட்டிலும்தான்).

பழைய ஆட்டக்காரன்:
பகடி புரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முத்திரையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்காவில் 'மார்ட்டல் காம்பட்' போன்ற இரத்தம் தெறிக்கும் சண்டை ஆட்டங்கள் குறித்து 1993-இல் செனட் விசாரணை நடந்ததை அடுத்து, 1994-இல் வீடியோ விளையாட்டுத் துறையே உருவாக்கிக்கொண்ட ஈ.எஸ்.ஆர்.பி. என்ற வயதுத் தர அமைப்புதான் இதற்கு 'டி', அதாவது 13 வயதும் அதற்கு மேலும், என்று தந்தது. வெளியீட்டாளர் நிரப்பி அனுப்பும் படிவத்தையும் காட்சிப் பதிவையும் வைத்தே அவ்வமைப்பு தரம் பிரிக்கிறது. உங்கள் பிள்ளை எதைக் கண்டு பயப்படுவான், எதைப் பார்த்து அப்படியே செய்வான் என்பது படிவத்தில் இல்லை.

மேசைவிளக்கு:
படிவத்தில் இல்லாததை அவன் அம்மா நேற்று நேரிலேயே பார்த்திருக்கிறார்: இடித்துவிட்டுச் சிரிக்கிறான். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? போதாதென்று, ஏழாவது நிலையில் தெருவெல்லாம் பிணங்கள் எழுந்து நடக்கும்.

தூறல்:
இருவருக்கும் நன்றி. இன்று மாலை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் ஆட்களை இடிக்கிறாய் என்று கேட்டேன். "போலீஸ் வரட்டும்னுதான் இடிக்கிறேன், அவங்க துரத்துறதுதான் ஜாலி" என்றான். அபராதம் என்று நீங்கள் சொன்னது அவனுக்குப் பரிசாகவே ஆகியிருக்கிறது, ஆட்டக்காரரே. லிசாவின் செயல்திட்டப் பணியை மட்டும் இருவரும் சேர்ந்து முடித்தோம். வட்டு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. ஏழாவது நிலையைப் பற்றி அவனிடம் நான் வாயே திறக்கவில்லை.